இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது

உங்கள் வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியுமா? முடியும் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். உங்கள் வீட்டில் நகர்த்தியார் இல்லை. 'நேற்று வரைக்கும் இங்கேதான் இருந்தது' என்று இழுத்தீர்களானால் உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நாற்காலியும் இருந்த இடத்தில் இல்லையா? சரி, நின்றுகொண்டே கேளுங்கள்.

நகர்த்தியார் என்பது நான் வைத்த பெயர். உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் இந்த இனத்துக்கு இதுவரை யாருமே பெயர் வைக்காதது எனக்கு ஆச்சரியம்தான். ஒருவேளை யாராவது வைத்திருக்கலாம். இன்னொரு நகர்த்தியார் அதை எடுத்து வேறெங்காவது வைத்திருப்பார்.

அவரை அடையாளம் காண்பது எளிது. எந்த அறைக்குப் போனாலும் உடனே உள்ளே நுழையமாட்டார். வாசலிலேயே நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பீரோவை ஒரு பார்வை, கட்டிலை ஒரு பார்வை, ஜன்னலை ஒரு பார்வை, அந்த மூன்றுக்கும் நடுவே ஒன்றும் அறியாமல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார். அந்த 'ச்சு' விழுந்துவிட்டதா? பீரோவின் கதை முடிந்தது. உங்கள் கதையும்தான். ஏனென்றால் அவர் அடுத்துச் சொல்லப்போவது, "கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க."

சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் ஒன்று கட்டாயம் இருக்கும். அவர் புதிதாக எதையும் வாங்கமாட்டார், பழையதைத் தூக்கிப் போடவும் மாட்டார். உலகத்தில் தேவையானது எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, எல்லாமே தப்பான இடத்தில் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. ஆரம்பிப்பது மட்டுமே அவர் வேலை. அலமாரியில் உள்ளதையெல்லாம் இறக்கித் தரையில் பரப்பி, நடுவில் நின்று சுற்றிலும் பார்த்து, "இப்பதான் எவ்வளவு எடம் இருக்குன்னே தெரியுது" என்று மகிழ்ந்து, டீ கேட்டு, டீ குடித்து, அதோடு அவசரமாக எங்கோ கிளம்பிவிடுவார். திரும்ப அடுக்குவது வீட்டில் இருப்பவர்களுக்கு விதிக்கப்பட்டது.

நான் நன்றாக அறிந்த நகர்த்தியார் ஒருவர் இருக்கிறார். எங்கள் அலுவலக மேலாளர். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், அதற்கு முன் அவர் வீட்டை ஒரு முறை எட்டிப் பார்த்துவிடலாம்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளைக் கண் அசைவில் உட்கார வைக்கிறவர், வீட்டில் ஒரு டப்பாவை உட்கார வைக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் சமையலறை டப்பாக்கள் அத்தனையும் உயர வரிசைப்படி நின்றுகொண்டிருந்தன.

"என்னங்க, சர்க்கரை எங்க?"

"உயர வரிசைல பாரு."

"சர்க்கரைக்கு என்னங்க உயரம்?"

அவர் பதிலுக்கு அளவு டேப்பை எடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் உப்புப் போட்ட காப்பி குடித்தார்கள். இன்னொரு சமயம் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டு, திருப்பியதையே மறந்து, காலையில் எழுந்ததும் வழக்கமான பக்கம் காலை இறக்கினார். அங்கே சுவர் இருந்தது. கட்டைவிரல் வீங்கி நான்கு நாள் செருப்பு போட முடியாமல் அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, எங்கள் டைப்பிஸ்ட் அக்கா, "என்ன சார், சுவத்தையும் தள்ளிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

தன் வீட்டோடு நின்றால் அது அந்த வீட்டாரின் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். மைத்துனர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று பார்க்கப் போனவர், "தலைமாட்ட ஜன்னல் பக்கம் திருப்பினா நல்லா காத்து வருமே" என்று அவர் கட்டிலையும், அது இடிக்கிறதென்று பக்கத்துக் கட்டிலையும் மாற்றிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்த முறை வந்த நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரையை மைத்துனரிடம் நீட்டினார். மைத்துனர் படித்தவர், எதையும் இரண்டு தரம் பார்த்தே வாயில் போடுகிறவர். அதனால் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆனால் அக்காள் புருஷன் வருகிறார் என்று கேள்விப்பட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

கேட்டுப் பாருங்கள், 'நகர்த்தினேன்' என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ளமாட்டார். வீட்டில் செய்தால் அது 'ஒழுங்குபடுத்துவது'. அலுவலகத்தில் செய்தால் 'மறுசீரமைப்பு'. மேலதிகாரி எதிரே நின்றால் 'நிர்வாக வசதி'. செய்து, எதுவும் கிடைக்காமல் போய், எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு."

எங்கே என்று மட்டும் சொல்லமாட்டார்.

எங்கள் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. வேற்றுமொழிக் கடிதங்களையும் சான்றிதழ்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, முத்திரை குத்திக் கொடுப்பது தொழில். ஸ்பானிய மொழிக்கு நான். மற்ற மொழிக்காரர்கள் வெளியிலிருந்து வந்துபோகிறவர்கள். டைப் அடிக்க அக்கா. இவர்களையெல்லாம் கட்டி மேய்க்க நகர்த்தியார். மூன்று அறை, ஏழு மேஜை, ஓர் இரும்பு பீரோ. இந்தப் பதினோரு உருப்படிகளை வைத்துக்கொண்டு எத்தனை விதமாக ஓர் அலுவலகத்தை அமைக்கலாம் என்று கணக்கு டீச்சரைக் கேட்டால் சொல்லுவார். அவர் கணவர் அதை ஒவ்வொன்றாகச் செய்தே காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை ஒரு பெண் வந்தார். தையல்காரர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியபடியே வந்திருந்தார். அதைப் பார்த்ததும் நகர்த்தியார் முகத்தில் ஒரு சொந்தக்காரரைக் கண்ட மலர்ச்சி. அந்தப் பெண்ணின் கணவர் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் கம்பெனி ஸ்பானிய மொழி பேசும் தேசத்தைச் சேர்ந்தது. அது வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். கம்பெனி தன் கப்பல்களையும் ஊழியர்களையும் மாற்றியமைக்கப்போகிறது. இப்போது இருக்கிற கப்பலிலேயே தொடர விரும்புகிறவர்கள், வீட்டாரின் சம்மதக் கையெழுத்தையும் இந்தக் கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உள்ளூர் ஏஜென்ட் அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காதவர்களைக் கம்பெனி தன் இஷ்டம்போல் வேறு கப்பலில் போடும். இப்போதைய கப்பல் இரண்டு மாதத்தில் இந்தத் துறைமுகத்துக்கு வருகிறது. மற்ற கப்பல்கள் ஒன்றரை வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

"பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகப்போகுது சார். அவர் இன்னும் நேர்ல பாக்கல," என்றார் அந்தப் பெண். "வியாழக்கிழமைக்குள்ள குடுத்துடுவீங்கல்ல?"

"ஒரு பக்கக் கடிதம்மா. நாளைக்கே வாங்கிக்கலாம்," என்றேன்.

இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். நகர்த்தியாரைக் கிழி கிழி என்று கிழிக்கிற நான், அந்தக் கடிதத்தை மறுநாள் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கொடுக்கவில்லை. காரணம் ஒரு வினைச்சொல். 'ரெயோர்கனிசார்' என்று அந்தக் கம்பெனி எழுதியிருந்தது. அந்த ஊரில் அது தினமும் புழங்குகிற சாதாரணச் சொல். சமையலறையையும் அப்படிச் செய்வார்கள், அரசாங்கத்தையும் அப்படிச் செய்வார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எதைப் போடுவது? ரீஆர்கனைஸ் என்று போடலாம், ஒருவர் மனமும் நோகாது, ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. ரீஅரேஞ்ச் என்றால் நாற்காலி மேஜைக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்துமா? ரீஸ்ட்ரக்சர் என்று போட்டால் படிக்கிற குடும்பம் வேலையே போய்விட்டது என்று அழ ஆரம்பித்துவிடும். ரீஷஃபிள் என்றால் சீட்டுக்கட்டு ஞாபகம் வருகிறது. ஓவர்ஹால் என்றால் சமையல்காரரைக் கழற்றி எண்ணெய் போடப்போகிறார்கள் என்று அர்த்தமாகிவிடும்.

ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். இரண்டாவதை முதலாவதாக்கினேன். ஐந்தாவதை மூன்றாவதாக்கினேன். மூன்றாவதை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வாசலில் நிற்கவில்லை, இடுப்பில் கைவைக்கவில்லை, அதனால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்து நின்றார்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. மூணு மணிக்கு வாங்க."

"ஒரு வார்த்தைக்கு அஞ்சு மணி நேரமா சார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அதிகமாகச் சுட்டது. மூணு மணிக்குக் கண்டிப்பாகத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த ஒரு வார்த்தையைப் பற்றி யோசிக்க டீ குடிக்கப் போனேன். போகும்போது கடிதம், என் வரைவு, துண்டுச் சீட்டு மூன்றும் என் மேஜை மேல் இருந்தன. படியிறங்கும்போது நகர்த்தியார் எதிரே ஏறி வந்தார். அறை வாசலில் நின்றார். எனக்குப் பின்னால் 'ச்சு' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டும் போனேனே, அதைத்தான் இன்றைக்கும் நினைத்து நொந்துகொள்கிறேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது என் மேஜை இருந்த இடத்தில் தண்ணீர்க் கேன் இருந்தது.

"வாங்க, வாங்க!" என்றார் நகர்த்தியார். வேர்த்து வழிந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, தலையில் ஒட்டடையோடு நின்றிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்ப்பது அபூர்வம். "இத்தன நாளா மொழிவாரியா ஃபைல் வச்சிருந்தோம். எவ்வளவு பெரிய தப்பு! வர்ற ஆளு என்ன மொழின்னா பாக்கறாரு? எப்ப கெடைக்கும்னுதானே பாக்கறாரு? அதனால அவசரவாரியா மாத்திட்டேன். இந்தத் தட்டு அவசரம். அது மிக அவசரம். அந்த மூலைல அவசரமில்ல."

"சார், அந்தக் கப்பல் கடிதம்?"

"இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு."

அவசரத்தில் பார்த்தேன். மிக அவசரத்தில் பார்த்தேன். மனசு கேட்காமல் அவசரமில்லாததிலும் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பழைய பிறப்புச் சான்றிதழ் மிக அவசரத்தில் இருந்தது. நாளைக்கு விமானம் ஏறப்போகிற மாணவனின் மதிப்பெண் பட்டியல் அவசரமில்லாத மூலையில் துடைப்பத்தோடு சாய்ந்திருந்தது. கப்பல் கடிதம் எங்கேயும் இல்லை. அக்கா தட்டச்சை விட்டுவிட்டு வந்து தேடினார். நகர்த்தியாரும் தேடினார். அவர் தேடுகிற விதம் உங்களுக்குத் தெரியுமல்லவா? ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்தில் வைக்காமல், அதற்கு இதைவிட நல்ல இடமாக யோசித்து அங்கே வைப்பார். அவர் தேடத் தேட, நாங்கள் ஏற்கெனவே தேடிய இடங்களெல்லாம் புது இடங்களாகிக்கொண்டே வந்தன.

மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்தார். சொன்ன நேரத்துக்கு வரும் பழக்கம் உள்ளவர்களைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குக் கோபமாக வந்தது. ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் நகர்த்தியார் வந்து, "அம்மா, கொஞ்சம் எந்திரிங்க, இந்த நாற்காலி அங்க இருந்தா நமக்குத் தேட எடம் கெடைக்கும்," என்றார். எழுந்தார். வேறு இடத்தில் உட்கார்ந்தார். மறுபடி எழுப்பினார். மூன்றாவது முறை எழுப்ப வந்தபோது அந்தப் பெண் தானாகவே எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டார். அதன்பிறகு உட்காரவே இல்லை.

மணி நாலானது.

அப்போதுதான் அக்கா, டைப் அடித்துத் தேய்ந்த அந்த விரலை நகர்த்தியார் முகத்துக்கு நேரே நீட்டி, "சார், ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க. காலைல அந்தக் கடிதத்த கைல எடுத்தீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

"எடுத்தேனே. எடுத்துப் பாத்தேன். இன்னைக்கே கெடு. மிக அவசரத்துல வைக்கலாம்னு போனேன். ஆனா அங்க வச்சா மத்த அவசரத்தோட கலந்துடுமே? அதனால நாலாவதா ஒரு வகை போட்டேன்."

"நாலாவது வகையா?"

"மிக மிக அவசரம். அதுல இது ஒண்ணுதான் இருக்கு." சொல்லும்போதே அவருக்கு நினைவு வந்து, முகம் பளிச்சென்று மலர்ந்தது. "என் மேஜை டிராயர்ல!"

எல்லோரும் அவருடைய மேஜையைப் பார்த்தோம். மேஜைக்கு டிராயர் இல்லை. அதாவது, எங்களுக்குத் தெரிகிற பக்கத்தில் இல்லை. வெளிச்சம் முதுகுப்புறமாக விழ வேண்டுமென்று மேஜையைத் திருப்பி, டிராயர் உள்ள பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். மேஜை இனிமேல் அசையக்கூடாது என்பதற்காக அதற்கு இந்தப் பக்கத்தில் இரும்பு பீரோவை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். பீரோ நிறைய ஃபைல்கள்.

"இப்படிப் போட்டா உக்காந்து எழுதும்போது கால எங்க சார் வைப்பீங்க?" என்றார் அக்கா.

"அத நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தேன்," என்றார் நகர்த்தியார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் இறங்கியது இறங்கியபடியே இருந்துவிட்டால் அவர் நகர்த்தியார் ஆவாரா? உடனே நிமிர்ந்து, "பரவால்ல, ஒரு யோசனை. முதல்ல பீரோல இருக்கற ஃபைலையெல்லாம் வெளிய எடுத்துப் பரப்பி, வகை பிரிச்சு..." என்று ஆரம்பித்தார்.

சுவரோரம் நின்றிருந்த தையல்காரப் பெண் கையிலிருந்த பையை அக்காவிடம் கொடுத்தார்.

"சார், என் பொண்ணு அப்பான்னா ஃபோன்னு நெனச்சிட்டிருக்கா," என்றார். சத்தம் போடவில்லை. "ஃபோன் அடிச்சா 'ப்பா'ன்னு ஓடிவந்து அதுக்கு முத்தம் குடுக்கறா. நீங்க வகை பிரிச்சு முடிக்கறதுக்குள்ள அவ பள்ளிக்கூடம் போயிடுவா. தள்ளுங்க."

பிறகு பீரோவில் தோளைக் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கொடுத்தோம். பீரோ முனகியது, தரை கீறியது, உச்சியிலிருந்து ஒரு கட்டுக் கார்பன் பேப்பர் நகர்த்தியார் தலையில் விழுந்தது, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் "என்னப்பா அங்க?" என்று கத்தினார். ஒரு முழம் நகர்ந்தது. மேஜையை இழுத்தோம். டிராயரைத் திறந்தால் கடிதம், வரைவு, துண்டுச் சீட்டு மூன்றும் சுருங்காமல் கசங்காமல் படுத்திருந்தன.

"பாத்தீங்களா?" என்றார் நகர்த்தியார். "இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு."

யாரும் அவரை அடிக்கவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

மணி நாலு இருபது. அக்கா கால் மணியில் அடித்து முடித்துவிட்டு, ஓர் இடத்தில் விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை. நான் சீட்டைப் பார்த்தேன். அந்த நேரத்திலும், நம்புவீர்களா, நாலாவதை முதலில் போட்டால் என்ன என்று எனக்குள் ஒன்று கேட்டது.

"எதுல நிக்குது சார்?" என்றார் தையல்காரப் பெண்.

"கம்பெனி ஆளுங்கள என்ன பண்ணப்போகுதுன்னு சொல்றதுக்குச் சரியான வார்த்தை..."

"எடம் மாத்தப்போகுது. அவ்வளவுதானே? அத எழுதுங்க."

ரீஅரேஞ்ச் என்று அடிக்கச் சொன்னேன்.

"திங்கக்கிழமை அவங்களுக்குப் படிச்சுக் காட்டும்போதே எடம் மாத்தப்போறாங்கன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே அக்கா அடித்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

நகர்த்தியார் முத்திரை குத்தினார். காகிதத்தை அந்தப் பெண்ணிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, "வாங்கம்மா, நானே வண்டில கொண்டுபோய் விடறேன்," என்று சொல்லி, தலையில் கார்பன் கறையோடு இரண்டிரண்டு படியாக இறங்கினார். கீழே போய் ஐந்து நிமிஷம் தன் ஸ்கூட்டரைத் தேடினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்துமிடத்து வண்டிகளையெல்லாம் காலையில் நீள வரிசையிலிருந்து அகல வரிசைக்கு மாற்றியவர் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மிச்சத்தை அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னார். ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது ஐந்துக்கு ஆறு நிமிஷம். முதல் மாடியில் இருந்த கவுன்ட்டரைக் காணோம். வெறும் அறை, சுவரில் ஆணி, தரையில் மேஜைக் கால் பதிந்த நான்கு தடம். 'மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எங்கே என்று அதில் எழுதவில்லை. கட்டிடமோ ஐந்து மாடி, மாடிக்குப் பதினைந்து அறை. அந்தப் பெண் பக்கத்து அறைக் கதவைத் தட்ட ஓடினார்.

நகர்த்தியார் மட்டும் கலங்கவில்லை. அந்த வெற்றறையின் வாசலில் நின்றார். இடுப்பில் கையை வைத்தார். தலையைச் சாய்த்தார்.

"கவலப்படாதீங்கம்மா. இங்க நம்மள மாதிரி ஒருத்தர் இருக்காரு," என்றார். "நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? இங்க வெயில் மூஞ்சில அடிக்குது. அதனால பின்பக்கம் போயிருப்பேன். கூட்டம் வரும், லிஃப்ட் பக்கத்துல வேணும். ஆனா லிஃப்ட் பக்கத்துல எடம் இருக்காது. அதனால சாமான் போடற ரூமக் காலி பண்ணியிருப்பேன். மூணாவது மாடி. வாங்க!"

மூன்றாவது மாடி, லிஃப்டுக்குப் பின்னால், சாமான் அறை. கவுன்ட்டர் அங்கேதான் இருந்தது. குமாஸ்தா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். நகர்த்தியார் அதன் அடியில் கையைக் கொடுத்து நிறுத்தி, மறுகையால் மொழிபெயர்ப்பையும் அந்தப் பெண்ணின் சம்மதக் கையெழுத்தையும் உள்ளே தள்ளினார். முத்திரை விழுந்தது. இத்தனைக்குப் பிறகும் அவர் பேசாமல் வந்திருக்கலாம். "கவுன்ட்டர் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. அந்த மேஜைய மட்டும் கொஞ்சம் எடது பக்கம்..." என்று ஆரம்பித்தாராம். ஷட்டர் முழுதாக இறங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டியுமாக மாடியேறி வந்தார். கணவர் வந்துவிட்டார். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். நகர்த்தியார் மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து, பெரியது ஒரு பக்கம் சிறியது ஒரு பக்கமாக அடுக்கத் தொடங்கினார்.

"அப்புறம் என்னம்மா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன்.

அந்தப் பெண் முகத்தில் ஒரு தினுசான பார்வை.

"வந்து ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தாரு சார். மூணாவது நாள் காலைல சமையலறை வாசல்ல நின்னாரு. இடுப்புல கைய வச்சாரு. தலைய சாச்சாரு." குரலைத் தாழ்த்தினார். "'ச்சு'ன்னாரு."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கப்பல்ல எல்லாமே கைக்கெட்டற தூரத்துலதான் இருக்குமாம். நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தையல் மெஷின சமையலறைல கொண்டுபோய் வச்சிட்டாரு. டப்பாவெல்லாம் அலைல விழக்கூடாதுன்னு கயிறு போட்டுக் கட்டிட்டாரு. எங்க வீட்ல எங்க சார் அலை? பாப்பாவோட கிலுகிலுப்பைய இன்னிவரைக்கும் காணோம். கேட்டா..."

"இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கும்," என்றார் நகர்த்தியார், மிட்டாயிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அதேதான் சார்! அதேதான் சொல்றாரு!"

"கோவமா வருதாம்மா?" என்று கேட்டார் அக்கா.

"கோவம்தான்," என்றார் அந்தப் பெண். சொல்லும்போதே சிரித்துவிட்டார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முன்னாடி ஒண்ணு காணோம்னா நான் ஒருத்தியா தேடிட்டிருப்பேன். இப்ப மூணு பேரும் தேடறோம்."

அந்த நிமிஷம் எனக்கு நகர்த்தியார் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. மறு நிமிஷம் மிட்டாய் எடுக்கக் கையை நீட்டினேன், பெட்டி அங்கே இல்லை. கோபம் திரும்ப வந்துவிட்டது.

ஆகவே வாசகரே, இந்த இனத்திடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, நீங்களும் அந்த ரகமில்லை, உங்கள் உப்பு டப்பா ஆறு வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிறது என்கிறீர்களா? நானும் அப்படித்தான் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டுரையையே நான்கு தரம் மாற்றி அடுக்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். நீங்கள் மட்டும் தப்பித்துவிடுவீர்களா? இவ்வளவும் படித்துக்கொண்டு வரும்போது, 'கப்பல் கடிதத்தை முதலில் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலை நடுவில் போட்டு, உப்பு டப்பாவைக் கடைசிக்குக் கொண்டு போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே' என்று உங்களுக்கு ஒரே ஒரு கணம் தோன்றியதா இல்லையா?

யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. முதலில் அந்தக் கையை இடுப்பிலிருந்து எடுங்கள்.